வெரிபீ ஆற்றில் எள்ளும் தண்ணீரும்

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது நான் மெல்பேர்ணில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான். செத்தவீட்டுக்கும் போகவில்லை, ஆண்டுத் திவசத்துக்கும் போகவில்லை. அடுத்து வந்த ஆடி அமாவாசைக்காவது ஓடும் ஆற்றில் இறங்கி அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். குளியலறைக் குழாயடியில் அதைச் செய்ய மனம் வரவில்லை. என்னிடம் காரும் இல்லை. அந்த நேரம் பார்த்து வேலையிடத்துச் சுவரில் ஓர் அறிவித்தல்: அதே ஞாயிற்றுக்கிழமை, வழிகாட்டியோடு வெரிபீ ஆறு வரை நடை.

“உமக்கென்ன விசரே? இந்தக் குளிருக்கை ஆத்துக்கை இறங்கினா, பிறகு உமக்கும் நான்தான் இறைக்க வேணும்” என்றான் அறை நண்பன்.

வழிகாட்டி நாற்பதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. கழுத்தில் விசில்; ஆடி இங்கே நடுக்குளிர்காலம், அதிலும் அரைக்காற்சட்டை. வரிசையை விட்டு ஒருவரும் விலகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தொலைந்தது காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் நடந்த வழி டார்னெய்ட்; இன்று வீடுகளாய் நெருக்கியடிக்கும் அந்த இடம் அன்று வெறும் புல்லும் கருங்கல்லும். வானம் இவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தரைவரை இறங்கி நின்றது. எனக்குப் பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. ஆறுதான் கண்ணில் படவில்லை. இடையில் எல்லோரும் பிஸ்கட் தின்றார்கள். விரதக்காரன் நான் வேண்டாமென்று தலையாட்ட, வழிகாட்டி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

பிறகு, ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல், காலடியில் நிலம் பிளந்தது. செம்மண் செங்குத்தாக இறங்க, அடியில் யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஆறு போய்க்கொண்டிருந்தது. அத்தனை பெரிய வெளி இதையா இவ்வளவு நேரம் ஒளித்து வைத்திருந்தது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கீழே இறங்கிக் கரையோரம் நடந்தபோது மெல்லப் பின்தங்கினேன். ஒரு வளைவில் சட்டையையும் சப்பாத்தையும் கழற்றிவிட்டு இறங்கினேன். குளிர் எலும்பைப் பிடித்தது. முழுகி எழுந்து, கரையில் வைத்திருந்த பொட்டலத்திலிருந்து எள்ளைக் கையில் எடுத்து அப்பாவின் பேரைச் சொல்லும்போது விசில் கேட்டது. திரும்பினால் கரையில் மொத்தக் கூட்டமும் நிற்கிறது. ஒருவர் என்னைக் காப்பாற்றச் சப்பாத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“என் அப்பாவுக்கு” என்றேன், பல் கிடுகிடுக்க. “இறந்துபோனவர்களுக்கு நாங்கள் ஆற்றில் செய்வது.”

திட்டு விழும் என்று நின்றேன். வழிகாட்டி தொப்பியைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். நான் முடிக்கும்வரை ஒருவரும் அசையவில்லை.

நான் கரையேறியதும் வழிகாட்டி தன் கோட்டை என்மேல் போர்த்தி, “பாதி உயிர் போய்விட்டது எனக்கு” என்று கடிந்துகொண்டார். பிறகு குரல் இறங்கிவிட்டது. “எனக்குப் பத்து வயதில் அப்பா உலகப் போருக்குக் கப்பலேறினார். திரும்பவில்லை. கல்லறையும் இல்லை. அந்தக் கறுப்பு விதை இன்னும் இருக்கிறதா?”

பெண்கள் இறைக்கலாமா என்று கேட்க அங்கே ஐயர் யாரும் இல்லை. நல்லதாகப் போயிற்று. மிச்சமிருந்த எள்ளை அவர் உள்ளங்கையில் கொட்டி, அப்பாவின் பேரைச் சொல்ல வேண்டும் என்றேன்.

சப்பாத்தோடேயே ஆற்றில் இறங்கினார். பேர் சொல்லவில்லை. கையை விரித்து, “டாடி” என்று கூப்பிட்டார்.