அந்தரத்தில் நின்ற ஏர்க்கால்

பேய், முனி, காற்று, கருப்பு எதையும் நான் நம்பியவனல்ல. இன்றும் இல்லை. எங்கள் வட்டாரத்தில் நடந்தவற்றை நாள் கிழமையோடு எழுதிவைப்பது என் பழக்கம். கண்ணால் பார்த்தவர் ஒருவராவது இல்லாமல் ஒரு வரி எழுதமாட்டேன். இதற்கு நானே சாட்சி, நம்பினால் நம்புங்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள், நல்ல வெயில். ஜவ்வாது மலையில் மாமனார் ஊரிலிருந்து அடிவாரத்து அமிர்திக்கு இறங்க பஸ் இல்லை. மைத்துனன் சேகரின் டிராக்டரில் கிளம்பினோம். ட்ரெய்லரில் சாமை மூட்டைகள். அவற்றின்மேல் என் மனைவி லதாவும் எங்கள் இரண்டு பிள்ளைகளும். வண்டி நின்றது சரிவில். சரிவின் முடிவில் பள்ளம்.

"கொக்கியில பின்னு எறங்கிச்சாடா?"

"கிளிப்பே போட்டுட்டேன் மாமா. எத்தினி வாட்டி கேப்பீங்க? நீங்க இன்னா ஆர்டிஓவா?"

மேலிருந்து லதா சிரித்தாள். "வூட்டுல கேஸ் அடுப்பையே நாலு வாட்டி தொட்டுப் பாப்பாரு. நீ எடுடா."

நானும் எட்டிப் பார்த்தேன். டிராக்டர் கொக்கியில் பின் இருந்தது, கிளிப்பும் இருந்தது. அந்தத் தைரியத்தில் ட்ரெய்லரின் முன்புறத்தைத் தாங்கிய முட்டுக்கட்டையையும் சக்கரத்துக் கல்லையும் நானே எடுத்துப் போட்டேன். ஆனால் அந்தப் பின் ட்ரெய்லரின் வளையத்துக்குள் நுழையாமல் அதற்கு முன்னாலேயே இறங்கியிருந்தது மேலிருந்து பார்த்தால் தெரியாது.

டிராக்டர் மட்டும் போனது. ட்ரெய்லர் அசையவில்லை. அதன் முன்னால் நீளும் இரும்பு ஏர்க்கால், கொக்கி விட்ட உயரத்திலேயே, அடியில் எதுவுமில்லாமல் அந்தரத்தில் நின்றது.

பாரம் சமமாக இருந்திருக்கும் என்பீர்கள். மூட்டைகளை முன்பக்கம்தான் அடுக்கியிருந்தோம். கல் எடுத்த சக்கரம் சரிவில் ஏன் உருளவில்லை? அதற்கும் பதில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

பிள்ளைகளைத் தூக்கி இறக்கினேன். கடைசியாக லதா குதித்தாள். அவள் கால் மண்ணில் பட்ட பிறகுதான் ஏர்க்கால் தடாலென விழுந்து தரையில் குத்தி நின்றது.

சேகர் டிராக்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். "முனிதான் மாமா தாங்கிச்சி. ஒரு தேங்கா ஒடைச்சிடலாம்."

"ஒடைக்கமாட்டேன். கிளிப்பப் பாத்துட்டு வளையத்தப் பாக்காம வுட்டது நாம ரெண்டு பேரும். அத மொதல்ல ஒத்துக்க."

ஊரே சொல்லியும் இன்றுவரை உடைக்கவில்லை. இப்போதெல்லாம் யாரையும் மேலே ஏற்றுமுன், கல்லை எடுக்காமலே லேசாக இழுத்துப் பார்க்கச் சொல்கிறேன். அவ்வளவுதான்.

ஒன்றுக்கு மட்டும் விடை இல்லை. லதா குதித்ததற்கும் ஏர்க்கால் விழுந்ததற்கும் இடையில், அதன் அடியிலிருந்து, மூட்டை இறக்குகிறவர் விடுவதைப் போல ஒரு நீண்ட மூச்சு கேட்டது. அதன் பாதியில் வறட்டு இருமல். நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன், அங்கே யாருமில்லை.

முனி என்கிறீர்களே, முனிக்கு எதற்கு இருமல்?