கம்பெனி பஸ்ஸில் ஒரு ரஷ்ய நாவல்

இன்று காலை ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் எங்கள் பெண்கள் பஸ்ஸில், நான் படித்துக்கொண்டிருக்கும் பழைய ரஷ்ய நாவலின் கதையைச் சொன்னேன்.

ஒருத்தி கட்டிய புருஷனை விட்டுவிட்டுப் பிடித்தவனோடு போய்விடுகிறாள். ஊர் அவளைத் தள்ளிவைக்கிறது. அவனை மட்டும் விருந்துக்குக் கூப்பிடுகிறது. அவளோ, தப்பெல்லாம் தன்னுடையதே என்று உள்ளுக்குள் வெந்துபோகிறாள்.

பஸ்ஸே கொதித்தது.

"அவனுக்கு மட்டும் இன்னா விருந்து?" என்றார் மேரி அக்கா.

"பாவம்க்கா, அவகூட உக்காந்து பேச ஒருத்திகூடவா இல்ல?" என்று ஸ்டிச்சிங் செக்‌ஷன் கலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கம்பெனிக்கு முந்தின கடைசி நிறுத்தத்தில் செல்வி ஏறினாள். போன மாதம் புருஷனை விட்டுவிட்டு, கட்டிங் செக்‌ஷன் பாபுவோடு குடிபோனவள்.

காலி சீட்டுகளில் எல்லாம் டிபன் பைகள் ஏறி உட்கார்ந்தன. "ஆள் வருதும்மா" என்றார் மேரி அக்கா. கலாவின் பக்கத்தில் அவளுடைய குடை சாய்ந்து படுத்துக்கொண்டது.

செல்வி டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்தாள்.

"ஆம்பளைங்க பஸ்ல பாபுவுக்கு ஜன்னல் சீட்டு புடிச்சி வெக்கிறாங்கக்கா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு யாரும் ஏறவில்லை. பைகள் சௌகரியமாகக் கம்பெனிவரை வந்தன.

இறங்கும்போது கலா கேட்டாள்: "அக்கா, அந்த ரஷ்யாக்காரிக்குக் கடைசில யாராச்சும் துணை கெடைச்சாங்களா?"

"உன் குடையக் கேளு" என்றேன். முறைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் சொன்னது தப்பா? நீங்களே சொல்லுங்கள். ஆனால் செல்வி ஏறியபோது என் பை எங்கே இருந்தது என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.