ஆயில் கடை ஜெபஷீலாவும் பலவேசத்தின் சிந்தெடிக் டப்பாவும்

தேனியில் கம்பம் ரோட்டில் ஆயில் கடை வைத்திருந்த ஜெபஷீலாவுக்கு ஆண்பிள்ளைகளின் கட்டைவிரலைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கடைக்கு வருகிற எவனும் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்ததாகச் சரித்திரமே கிடையாது. பேரலிலிருந்து ஒரு சொட்டு விடச் சொல்லிக் கட்டைவிரலில் வாங்கிக்கொள்வான். ஆள்காட்டி விரலால் அதைத் தேய்ப்பான். தேய்த்துவிட்டு, கோயிலில் பூ கேட்டு நிற்கிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். அப்புறம் மோந்து பார்ப்பான். ஒட்டினால் நல்ல ஆயில், ஒட்டாவிட்டால் தண்ணி ஆயில். இவ்வளவுதான் அவர்களுடைய படிப்பு. வேட்டியில் துடைத்தால் வீட்டில் வசவு விழும் என்பதற்காக அந்த விரலை ஜெபஷீலாவின் மேசை விளிம்பில் துடைத்துவிட்டுப் போவார்கள். அந்த மேசையைத் துடைத்துத் துடைத்தே அவளுக்குப் பாதி வயசு போனது.

கடை அவள் அப்பா இம்மானுவேல் வைத்தது. 1996இல் அவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துபோனபோது, பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்த மகள் வந்து கல்லாவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த நாளிலிருந்து அவள் காதில் விழுந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். "அப்பா இல்லையாம்மா?" அப்பா படுக்கையில் இருந்தார், பிறகு கல்லறைத் தோட்டத்தில் இருந்தார், கேள்வி மட்டும் நிற்கவில்லை. கல்யாணம் ஆன பிறகு அது "வீட்டுக்காரர் இல்லையாம்மா?" என்று மாறியது. வீட்டுக்காரர் பெரியகுளத்தில் ஒரு அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. பிரேக் ஆயிலுக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாத சாது. சனிக்கிழமை அவர் கடையில் வந்து உட்கார்ந்தால் போதும், ஜெபஷீலா பக்கத்திலேயே நின்றாலும் அவரிடம்தான் கேட்பார்கள். அவர் திரும்பி அவளிடம் கேட்பார். அவள் சொல்வாள். அதையே அவர் திரும்பச் சொல்வார். "சார் சொன்னா சரிதான்" என்று தலையாட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். இந்தக் கூத்தைப் பார்த்து முதலில் அவளுக்கு அழுகை வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு நாளாவட்டத்தில் அவள் முகத்திலேயே தங்கிவிட்டது.

அவளுக்குத் தொழில் தெரியும். கம்பெனிப் புத்தகங்களை வரி விடாமல் படித்தாள். பட்டறைகளில் பிரித்துப் போட்ட என்ஜின்களைப் போய்ப் பார்த்தாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் இதுதான்: நாலு பேர் காதில் விழும்படி யாராவது ஒருவர், "ஜெபஷீலா சொன்னா சரியா இருக்கும்" என்று சொல்ல வேண்டும். கடைக்கு அந்தப் பேர் கிடைக்க வேண்டும். வருஷங்கள் போனதே தவிர அந்தப் பேர் வந்தபாடில்லை.

இரண்டாயிரமாவது வருஷத்துக்கு அப்புறம் சிந்தெடிக் ஆயில் வந்தது. அதுவரை விற்றதெல்லாம் கச்சா எண்ணெயைச் சுத்தம் செய்து எடுத்த சாதாரண ஆயில். இது தொழிற்சாலையில் தனியாகப் பக்குவம் பண்ணியது, மெல்லியது, விலை கூடியது. டை கட்டிய ஒரு கம்பெனி ஆள் வந்து டிராக்டர்காரர்களைக் கூட்டி வைத்து, ஐஸ் பெட்டியிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினான். சாதாரண ஆயில் இறுகிப்போய் இறங்க மறுத்தது. சிந்தெடிக் மளமளவென்று இறங்கியது. "பனி உறையுற குளிர்லயும் உங்க வண்டி ஒரே அடியில ஸ்டார்ட் ஆகும்" என்றான். சித்திரை வெயிலில் கழுத்து வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு எல்லாரும் கை தட்டினார்கள். தேனி ஜில்லாவில் எந்த வயலில் பனி உறைகிறது என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவள் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு கட்சிக்குச் சிந்தெடிக் என்றாலே பித்தலாட்டம். புத்தம்புதுக் கார் வாங்கியவன்கூடப் பேரல் ஆயிலைத்தான் ஊற்றுவேன் என்று அடம்பிடித்தான். இன்னொரு கட்சிக்கு விலை கூடியது எதுவோ அதுதான் உசத்தி. ஜெபஷீலா சொன்னது வேறு. புது வண்டிக்குக் கம்பெனி சொல்லியிருந்தால் தாராளமாகச் சிந்தெடிக் ஊற்று. தேய்ந்துபோன பழைய டிராக்டருக்குக் கெட்டியான சாதாரண ஆயிலை ஊற்றி, நேரத்துக்கு மாற்று. இதில் சண்டை போடுவதற்கு ஒன்றும் இல்லாததால் இரண்டு கட்சிக்கும் இது பிடிக்கவில்லை.

உசத்திக் கட்சியில் முக்கியப் புள்ளி பலவேசம். உத்தமபாளையத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். சொந்தமாகக் கொஞ்சம் வயல், மூன்றாவது கையாக வாங்கிய ஒரு கிழட்டு டிராக்டர். ஊரார் வயல்களில் நடவுக்குத் தொளி உழுது கொடுத்துத்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. அணையில் தண்ணீர் திறந்ததும் பள்ளத்தாக்கு முழுக்க ஒரே சமயத்தில் சேறு கலக்குவார்கள். அந்தக் கொஞ்ச நாள் வண்டி ஓடினால் வருஷம் ஓடும். வண்டி நின்றால் அவ்வளவுதான்.

2006இல் ஊர்த் திருவிழாவுக்கு அவர் மச்சினன் வினோத்ராஜ் சென்னையிலிருந்து புதுக் காரில் வந்து இறங்கினான். மூடியைத் தூக்கி என்ஜினைக் காட்டி, "சிந்தெடிக் மட்டுந்தான் மாமா ஊத்துவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பலவேசத்துக்குச் சாமி கும்பிடக்கூட ஓடவில்லை. மச்சினன் வண்டி குடிப்பதைத் தன் வண்டி குடிக்காமல் இருந்தால் ஊருக்குள் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? தண்ணீர் திறக்கப் போகிற வாரத்தில் பெண்டாட்டி அன்னத்தாயையும் கூட்டிக்கொண்டு தேனிக்கு பஸ் ஏறினார்.

"ஏம்மா, சிந்தெடிக் இருக்கா? காருக்கு ஊத்துவாகளே, அந்த டப்பா."

"எந்த வண்டிக்குண்ணே?"

"டிராக்டருக்கு."

"வேணாம்ணே. ஒங்க வண்டி வயசுக்கு இது ரொம்ப மெல்லுசு. ஆயிலு ஒழுகாமப் புடிக்கிற சீலெல்லாம் தேஞ்சிருக்கும். உள்ள படிஞ்ச கசடுதான் ஓட்டைய அடச்சுக்கிட்டு இருக்கு. இது அந்தக் கசட கழுவி விட்டுரும். அப்புறம் நாலு பக்கமும் ஒழுகும். கெட்டி ஆயிலு தாரேன், அத ஊத்துங்க."

பலவேசம் கடைக்குள் எட்டிப் பார்த்தார். "வீட்டுக்காரர் இல்லையா?"

"இல்ல."

"அதான். வெல கூடுனதக் கேட்டா எந்தக் கடைக்காரனாவது வேணாம்பானா? ஏன், என் வண்டிக்கு அந்த ஆயிலு ஊத்துறதுக்கு யோக்கியத இல்லையா?"

ஜெபஷீலாவுக்குள் எதுவோ அறுந்தது. தொலையட்டும் என்று டப்பாக்களை எடுத்து மேசையில் வைத்தாள். "ஊத்துங்கண்ணே, நல்லா ஊத்துங்க. அப்படியே வண்டிக்கு ஒரு பட்டு வேட்டியும் கட்டி விடுங்க."

கிண்டல் என்பதே உறைக்காத மனுஷர் பலவேசம். "மச்சினன் வெவரமாச் சொல்லிட்டான். மூணு மடங்கு ஓடுமாம். ஊத்துனமா, மறந்தமான்னு இருக்கலாம். தெனமும் குச்சிய உருவி ஆயிலு இருக்கா இல்லையான்னு பாக்குற வேலையே கெடையாது."

இதைக் கேட்டதும் அவள் சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள். எப்பேர்ப்பட்ட கிறுக்கன்! ஆயில் குச்சியைப் பார்க்காமல் டிராக்டர் ஓட்டப் போகிறானாம். சிரித்தாளே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. பலவேசம் படியில் நின்ற பெண்டாட்டியிடம் டப்பாக்களைக் கொடுத்துவிட்டு, கார் வாங்கியவர் மாதிரி கைவீசி நடந்தார்.

ஆயில் அவள் சொன்னதைத்தான் செய்தது. பல வருஷத்துக் கசடைக் கழுவியது, கழுவிய இடத்தின் வழியாகவே வெளியேறியது. சாலையில் ஓடுகிற வண்டியாக இருந்தால் நிறுத்தின இடத்தில் கறை தெரியும். இதுவோ நாள் முழுக்கச் சேற்றுக்குள் கிடந்தது. வயல் தண்ணீரில் வானவில் மாதிரி நிறம் நிறமாகப் படலம் மிதந்தது. வரப்பில் நின்ற அன்னத்தாய் காலில் வழுவழுப்பு ஒட்டுகிறது என்று சொன்னாள். "பாசிடீ அது" என்றார் பலவேசம். பாசி நீலமும் ஊதாவுமாக மினுங்குமா என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. வண்டி முன்னைவிடச் சத்தமில்லாமல் ஓடுகிறது என்று அக்கம்பக்கத்து வயல்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, நட்டநடு வயலில் வண்டி ஒரு முறை முனகிவிட்டு நின்றது. மெக்கானிக் சின்னக்கருப்பு வந்து அடியைத் திறந்து பார்த்தான். ஒரு டம்ளர் ஆயில் தேறவில்லை. பேரிங் உருகி கிராங்கோடு ஒட்டி, என்ஜினே இறுகிக்கிடந்தது. உழவு பேசி வைத்திருந்தவர்கள் அன்று சாயங்காலமே வேறு டிராக்டர் தேடிப் போனார்கள். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும்போது யார் யாருக்காகக் காத்திருப்பார்கள்?

பலவேசம் செய்ய வேண்டியதைச் செய்தார். அதாவது, தன்னைத் தவிர யார்மேல் பழி போடலாம் என்று பார்த்தார். ஊர் டிராக்டர்காரர்கள் நாலைந்து பேரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, அன்னத்தாயையும் இழுத்துக்கொண்டு, சந்தை நாளாகப் பார்த்துத் தேனிக்கு வந்தார். என்ஜினிலிருந்து வழித்து ஒரு டப்பாவில் கொண்டுவந்த கருப்பு வண்டலை ஜெபஷீலாவின் மேசைமேல் வைத்தார்.

"பாத்துக்கங்கப்பா! இந்தம்மா வித்த ஆயிலு! போலி ஆயிலு!"

கடைத்தெரு கூடிவிட்டது. கையில் டப்பா எடுத்திருந்த இரண்டு பேர் அதைச் சத்தமில்லாமல் அலமாரியிலேயே திருப்பி வைத்தார்கள். ஜெபஷீலா கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். போலி என்ற பேர் ஒட்டிவிட்டால் அப்புறம் ஒரு ஆள் படியேற மாட்டான்.

"வேணாம்னு நான் சொன்னேனா இல்லையா? ஒழுகும்னு சொன்னேனா இல்லையா?"

"எப்பச் சொன்ன? நீ ஒண்ணுமே சொல்லல" என்றார் பலவேசம், நாக்குக் கூசாமல்.

கூட்டத்தில் ஒரு பெரிய மனுஷர், "வீட்டுக்காரர் இருந்தா விசாரிக்கலாம்" என்றார்.

அப்போதுதான் அன்னத்தாய் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "சொன்னாக. சீலு தேஞ்ச வண்டி, ஒழுகும், வேணாம்னுதான் இந்த அக்கா சொன்னாக. நான் படியில நின்னு கேட்டேன்."

"ஏய், வாய மூடுறீ."

"மூடிக்கிட்டு இருந்ததுக்குத்தான் வண்டி படுத்துக் கெடக்கு."

பலவேசம் டப்பாவைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். வந்த டிராக்டர்காரர்களில் ஒருவர் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "அப்ப அந்தம்மா சொன்னது சரியாத்தான் இருந்திருக்கு. நாமதான் கேக்கல." கூட்டம் ஆமோதித்தது. ஜெபஷீலா இத்தனை வருஷம் காத்திருந்த பேச்சு, அதுவும் சந்தை நாளில், நடுக்கடைத்தெருவில். அவள் அன்னத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயாவது நடந்ததச் சொன்னியேம்மா. நல்லா இருப்ப."

அன்னத்தாய் கையை விடுவித்துக்கொண்டாள்.

"அக்கா, தெனமும் காலையில அந்தக் குச்சிய உருவிப் பாக்குறது நாந்தான். துணியில தொடச்சு, கோட்டுக்கு மேல நிக்கிதா கீழ நிக்கிதான்னு பாத்துச் சொன்னாத்தான் இவுக வண்டிய எடுப்பாக. இனிமே பாக்க வேணாம்னு இவுக இங்கன நின்னு சொன்னப்ப நீங்க சிரிச்சீக. வெவரந் தெரிஞ்சவுகளே மறுத்துப் பேசாமச் சிரிக்காக, அப்பச் சரியாத்தான் இருக்கும்னு நானும் பாக்குறத விட்டுட்டேன்."

"இல்லம்மா, நான் அவரப் பாத்து..."

"அவுக யாரு சொன்னாலும் கேக்க மாட்டாகன்னு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன்க்கா."

அவ்வளவுதான் சொன்னாள். ஜீப் பக்கம் போகாமல், தனியாக பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.

கூட்டம் கலைந்தது. அலமாரியில் டப்பாவைத் திருப்பி வைத்தவர்களில் ஒருவர் வந்து, "ஏம்மா, என் வண்டிக்கு எது ஊத்தலாம், நீங்களே சொல்லுங்க" என்று பணிவாகக் கேட்டார். ஜெபஷீலாவின் காதில் அது சரியாக விழவில்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. பலவேசம் ஆயில் வாங்க வந்த அன்று படியில் நின்ற அந்தப் பெண்ணின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். பலவேசத்தின் மீசை ஞாபகம் இருந்தது, துண்டு ஞாபகம் இருந்தது, அவர் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது. அன்னத்தாயை அவள் ஏறிட்டே பார்த்திருக்கவில்லை.