ஊமைப்படத்துக்கு ஒரு சண்டைக்காரி

படச்சுருள்களைப் பாதுகாக்கும் அந்தக் கிடங்கில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்றுதான் பெயர். கிழிந்த ஃபிலிமை ஒட்டுவது அவள் வேலை. மேசையில் எப்பேர்ப்பட்ட நகைச்சுவைப் படம் ஓடினாலும் முகத்தில் ஓர் அசைவு இருக்காது. அவளே ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தபோது, பக்கத்து அறைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

அவளைச் சிரிக்க வைத்தது, இடிக்கப்பட்ட ஒரு தியேட்டரின் பரணிலிருந்து வந்த ஒரு தகர டப்பா. உள்ளே ஊமைப்படக் காலத்துச் சிரிப்புப் படம். முதல் பாதி பொடிப்பொடி. மிச்சத்தில் பிரிந்து வந்தவரை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒரு குண்டுப் பெண் சுண்ணாம்பு வாளியோடு ஏணியில் ஏறுகிறாள், ஏணி நகர்கிறது, மாடி உயரத்திலிருந்து அவள் விழுகிறாள், அவளைப் பிடிக்கப் போன போலீஸ்காரர் வாளிக்குள் தலையை விடுகிறார்.

மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். அழுகும் ஃபிலிமின் இந்தக் கார நெடி மற்ற சுருள்களையும் கெடுத்துவிடும், குப்பைக்கு அனுப்பு என்றார். இந்த மாதிரிப் படங்கள் முக்கால்வாசி எரிந்தும் அழுகியும் போய்விட்டன, இதற்கு வேறு பிரதி எங்கேயும் இல்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கீழே விழுவதில் என்ன கலை, எவன் வேண்டுமானாலும் விழுவான் என்றார் அவர்.

“அது நிஜ ஏணி சார். நிஜ மாடி. கீழ மெத்தை கிடையாது. நீங்க ஒரு தடவை விழுந்து காட்டுங்க, நானே குப்பையில போடறேன்.”

டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கக் கொட்டகையில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு வேளையெல்லாம் அங்கேதான். ஒட்டிக்கிடந்த சுருளை விரற்கடை விரற்கடையாகப் பிரித்தாள். தலைமுடியெல்லாம் நாறுகிறது என்று வீட்டில் நாத்தனார் முகம் சுளித்தாள். எவளோ ஏணியிலிருந்து விழுந்ததற்கு அண்ணி வேலையைப் பறிகொடுக்கப் போகிறாளே என்று புலம்பவும் செய்தாள். இவள் மசியவில்லை.

சுருள் ஓடும் பதத்துக்கு வந்ததும், யாரிடமும் அனுமதி கேட்காமல், சாப்பாட்டு அறைச் சுவரில், ஒரு பழைய புரொஜெக்டரைக் கையால் மெதுவாகச் சுற்றி ஓட்டிக் காட்டினாள். காவலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தடுக்க வந்த மேனேஜர் வாசலிலேயே நின்றார். வாளி கவிழ்ந்தபோது அவர் தோள் குலுங்கியது. வெறும் இருமல் என்று பிறகு சாதித்தார்.

பிரதி எடுக்கச் சம்மதித்தவர், ஒரு நிபந்தனை போட்டார்: இந்தக் காலத்து ஆட்களுக்குப் பிடிக்க வேண்டுமென்றால் வேடிக்கைக் குரலில் வசனம் சேர்க்க வேண்டும்.

“அவ பேசாமலே எல்லாரும் சிரிச்சாச்சு. நீங்களுந்தான். இப்ப அவ வாயில வார்த்தையைத் திணிக்க நான் விடமாட்டேன்.”

பிரதி எடுக்கும் அறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் இறங்கி வரும்வரை வாசலை விட்டு நகரவில்லை. படம் ஊமையாகவே பிரதியானது. அவளைப் பார்சல் கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். தலை நிமிர்ந்தே போனாள். வெளியூர் அரங்கங்கள் அந்தப் படத்தைக் கேட்கும்போது கட்டி அனுப்புவதும் அவள்தான். டப்பாவின் மேல் தடித்த எழுத்தில் எழுதிவிடுவாள்: ‘குரல் சேர்க்கக் கூடாது.’ மேனேஜர் அதை அழிக்கச் சொல்லியிருக்கிறார். அவள் இன்னும் அழிக்கவில்லை.