ஆமை எழுதிய பாதி

அலுவலகத்தில் அவளுக்கு ஆமை என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது, அவளும் கோபித்துக்கொண்டதில்லை. வீடியோ கேம்களை விமர்சிக்கும் இணைய இதழ் அது. மற்றவர்கள் ஒரு கேமைப் பாதி ஆடி, மீதியை ஊகித்து, வாரக் கடைசிக்குள் எழுதித் தள்ளிவிடுவார்கள். இவள் மட்டும் கடைசிக் குகையின் கடைசிப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டாள். அதனாலேயே ஜப்பானிலிருந்து வரும் நீள நீளமான ரோல் பிளேயிங் கேம்கள் எல்லாம் அவள் தலையில் வந்து விழுந்தன. ஒரு சின்ன ஊரில் தொடங்கும். ஊர் எரியும். நாலு பேர் சேர்வார்கள். நடப்பார்கள், சண்டை போடுவார்கள், சத்திரத்தில் தூங்குவார்கள், மறுபடி நடப்பார்கள். முடிவில் உலகத்தைக் காப்பாற்றுவார்கள்.

"எல்லாம் ஒரே கதைதானே?" என்று யாராவது கேட்டால், "கல்யாண வீடும் ஒரே கதைதான். அதுக்காகப் போகாம இருக்கோமா?" என்பாள். அப்படிப் பேசிக்கொண்டிருந்தவள்தான்.

அவள் கணவர் ஒரு காலையில் வேலைக்குப் போனவர், அலுவலகப் படியில் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு அவளே டீ போட்டுக் கொடுத்தாள். யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்றுகூட மறக்கவில்லை. எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அழுதுடும்மா, உள்ளயே வெச்சுக்காத" என்று யார் யாரோ தோளைத் தொட்டுச் சொன்னார்கள். பிடிவாதமெல்லாம் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும்? உதடு இருக்கும், ஆனால் வேறு யாருடையதோ போல இருக்கும். அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

மாமனாரும் அழவில்லை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் போன பிறகு அந்த நாலாவது மாடி வீட்டில் மருமகளும் மாமனாருமாக இரண்டே பேர். பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல மரியாதையாக இருந்தார்கள்.

"மாமா, டீ."

"வெச்சுட்டுப் போம்மா."

அதற்கு மேல் பேச்சு வளராது. சண்டையும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. வெளியே லிஃப்ட் கதவை யாராவது சாத்தாமல் போனால் அவர் எழுந்து போய்ச் சாத்திவிட்டு வருவார். வந்து அதே நாற்காலியில் உட்காருவார்.

அவள் வேலைக்குத் திரும்பியபோது இதழின் ஆசிரியர் ஒரு பெரிய கேமை அனுப்பினார். அந்த வருடம் முழுக்க எல்லாரும் காத்துக்கொண்டிருந்த கேம். வெளியாவதற்கு முன்பே ஆடி முடித்தவர்கள், "முடிவுக்கு வரும்போது பக்கத்துல துண்டு வெச்சுக்கோங்க" என்று சொல்லிவைத்திருந்தார்கள். கன்சோல் இருந்தது கூடத்து டிவியில். மாமனார் நாற்காலியும் அங்கேதான். ஆகவே அவள் ஆட, அவர் செய்தித்தாளுக்கு மேலாகப் பார்ப்பார்.

"இந்தப் பொண்ணு யாரும்மா?"

"வைத்தியம் பாக்கறவ மாமா. மத்தவங்க அடிபட்டா இவதான் சரி பண்ணுவா."

"அப்ப இவளை முன்னாடி நிறுத்தக் கூடாது."

"நிறுத்தல மாமா. பின்னாடிதான் நிக்கறா."

வாரக் கணக்கில் ஓடியது. ஒவ்வொரு ஊராகப் போனாள். தொலைந்த பூனையைத் தேடிக் கொடுத்தாள், மீன் பிடித்தாள், வாளைத் தீட்டினாள், குறித்துக்கொண்டாள். சண்டை தொடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது, மெனுவில் மருந்தைத் தேட எத்தனை முறை அழுத்த வேண்டியிருக்கிறது, இரண்டாவது கண்டத்தில் கதை எங்கே தொய்கிறது என்று ஒன்றையும் விடவில்லை. கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் முடிவு வந்தது. உலகம் பிழைக்க வேண்டுமானால் அந்த வைத்தியக்காரப் பெண் போயாக வேண்டும். பூத்துக் கிடக்கிற ஒரு வயலில் அவள் காலிலிருந்து மெல்ல மெல்லக் கரைந்தாள். கூட வந்த மூன்று பேரும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பின்னணியில் பிடில் இசை எழுந்தது, தணிந்தது, மறுபடி எழுந்தது. ஆடிக்கொண்டிருந்தவள் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பூக்கள் நன்றாக வரையப்பட்டிருக்கின்றன என்று தோன்றியது. பின்னால் நிற்கிற மலையின் விளிம்பு கொஞ்சம் பிசிறடிக்கிறது என்றும் தோன்றியது.

பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியது.

"முடிஞ்சுடுச்சா?" என்றார் மாமனார்.

"முடிஞ்சுடுச்சு மாமா."

"அந்தப் பொண்ணு வரமாட்டாளா இனிமே?"

"மாட்டா."

"சரி. சாப்பிடலாம்."

சாப்பிட்டார்கள். முட்டைப் பொரியலில் உப்பு குறைவு என்று அவர் சொன்னார். அவள் உப்பை எடுத்து வைத்தாள்.

விமர்சனத்தை எழுத உட்கார்ந்தால் சண்டை, வரைபடம், இசை எல்லாம் மளமளவென்று வந்தன. கதை என்று தலைப்புப் போட்ட இடத்தில் வண்டி நின்றுவிட்டது. 'முடிவு உருக்கமானது' என்று எழுதினாள். பொய் என்று அழித்தாள். 'முடிவு உருக்கவில்லை' என்று எழுதினாள். அதுவும் பொய்யோ என்று சந்தேகம் வந்தது. ஆசிரியரைப் போனில் கூப்பிட்டாள்.

"எனக்கு ஒண்ணுமே தோணலை சார். எல்லாரும் அழுதேன்னு சொல்றாங்க. எனக்குக் கண்ணுகூடக் கலங்கலை."

"அது கேமோட கோளாறா, உன் கோளாறா?" என்றார் அவர்.

தொழில் பேச்சாகக் கேட்டதுதான். யாரிடமும் கேட்கிற கேள்வி. கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. சாவு வீட்டுக்கு வந்து, அவள் கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனவர். "நான் அந்த அர்த்தத்துல சொல்லலைம்மா..." என்று இழுத்தார்.

"இல்ல சார், சரியாத்தான் கேட்டீங்க. எனக்குத் தெரியலை. தெரியாம மார்க் போட முடியாது. கதைப் பகுதியை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

வேறு யார்? 'பத்துக்குப் பத்து' என்று ஒருவன் இருந்தான். எந்தக் கேமைக் கொடுத்தாலும் பத்துக்குப் பத்து போடுகிறவன். நல்ல பையன், நெஞ்சம் தாராளம்; மார்க்கும் தாராளம். அவன் ஆடி முடித்துவிட்டு அவளைப் போனில் கூப்பிட்டு, மூக்கை உறிஞ்சியபடி, "அக்கா, அந்த வயல்! எப்படிக்கா தாங்குனீங்க?" என்றான். தாங்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை என்று சொல்லத் தோன்றவில்லை. "தாங்கிட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

மேல் பாதி அவளுடையது, கீழ் பாதி அவனுடையது என்று விமர்சனம் வெளியானது. வாசகர்கள் கீழே வரிசைகட்டி எழுதினார்கள். 'கீழ் பாதியைப் படித்து மறுபடி அழுதேன். மேல் பாதியை எழுதியது மெஷினா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு ஏகப்பட்ட பேர் சிரித்திருந்தார்கள். முன்பெல்லாம் இப்படி ஒன்று வந்தால் இரண்டு நாள் சோறு இறங்காது. இப்போது படித்தாள், பக்கத்தை மூடினாள், துணி காயப்போடப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் வந்தாள். கணவரின் அக்கா, வேறு ஊரில் இருக்கிறாள். கூடத்தில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். டிவியில் அவள் பாதியில் நிறுத்திய கேமின் குட்டி நரி மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது.

"அப்பா, நீங்க கொஞ்ச நாள் எங்கூட வந்து இருங்க. பசங்க இருக்காங்க, கலகலன்னு இருக்கும்."

மாமனார் தலையாட்டினார். நாத்தனார் இவள் பக்கம் திரும்பினாள். "உனக்கு ஒண்ணும் இல்லையேம்மா?"

"எனக்கென்ன அண்ணி. மாமா இஷ்டம்."

ஞாயிற்றுக்கிழமை கார் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு நாத்தனார் போனாள். மாமனார் சட்டைகளை மடிக்கத் தொடங்கினார். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று என்று மடித்தார். இஸ்திரி போட்டதையே பிரித்து மறுபடி மடித்தார். அவள் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக் கொடுத்தாள்.

அதே வாரம் ஆசிரியர் அவளுக்கு ஒரு சின்ன கேமைக் கொடுத்திருந்தார். அதிகம் பேர் கேள்விப்படாத நிறுவனம். யாரும் அழ வேண்டிய அவசியமில்லாத கதை. அதில் ஓரிடத்தில் ஒரு கிழட்டு வியாபாரியைக் காட்டு வழியாகப் பாலம் வரைக்கும் பத்திரமாகக் கூட்டிப்போக வேண்டும். அந்த வியாபாரியின் நடைதான் வினை. இவள் நடந்தால் அவன் முந்திப் போய்த் திருடர்கள் கையில் மாட்டுவான். இவள் ஓடினால் அவன் பின்தங்கி, மரத்தடியில் நின்று தாடியைத் தடவுவான். அவன் செத்தால் காட்டின் வாசலுக்கே திரும்ப வேண்டும். செத்தான். திரும்பினாள். மறுபடி செத்தான். அடுத்த தடவை பாலம் கண்ணில் தெரிகிற தூரத்தில் வந்து, தாடியைத் தடவிக்கொண்டே செத்தான்.

"யோவ் கிழவா!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "போறதுன்னா ஒழுங்காப் போய்த் தொலையேன்! எதுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கற?"

உள் அறையில் மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. மாமனார் ஒரு சட்டையைப் பிடித்தபடியே வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை கார் வருதும்மா. வேணும்னா இன்னைக்கே கெளம்பிடறேன்."

"ஐயோ, உங்களைச் சொல்லலை மாமா! இவனை, இவனை!" என்று டிவியைக் காட்டினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வியாபாரி காட்டின் வாசலில் நின்று, எதுவுமே நடக்காததுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"இவன் எங்க போகணும்?"

"பாலத்துக்கு."

"அதுக்கு ஏன் இப்படி நிக்கறான்?"

"அதைத்தானே நானும் கேக்கறேன்! நடந்தா முந்தறான், ஓடினா நிக்கறான். இதைப் பண்ணினவனுங்க ஒரு தடவையாவது ஆடிப் பாத்திருந்தா இப்படி விட்டிருப்பானுங்களா? மனுஷங்க நேரம்னா இவனுங்களுக்கு என்ன, கிள்ளுக்கீரையா?"

காது சூடாகியிருந்தது. இது கோபம் என்று அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. மாமனார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ இப்படிச் சத்தம் போட்டு எவ்வளவு நாளாச்சு" என்றார். பிறகு, அதே மூச்சில், "போகாதீங்க மாமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கதானே அண்ணிகிட்ட தலையாட்டினீங்க?"

"அவ வான்னு கேட்டா. நீ இருன்னு கேக்கலை."

"நான் கேட்டுத்தான் இருக்கணுமா? இது உங்க வீடு. எல்லாம் எங்கிட்ட கேட்டுத்தான் செய்யறீங்களா? அவரோட ஷூவை யாரைக் கேட்டு வாட்ச்மேனுக்குக் குடுத்தீங்க?"

சொன்ன பிறகு இரண்டு பேருமே கொஞ்சம் பயந்துபோனார்கள். ஷூவைப் பற்றி அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மனதில் அது கிடக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது.

"கதவைத் தொறந்தா அதுதான் கண்ணுல படுது. என்னால பாக்க முடியலை" என்றார் அவர்.

"எனக்குப் பாக்கணும்னு இருந்திருக்கலாம்ல?"

"இருந்துச்சா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"தெரியலை மாமா."

அவர் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் அழுகை வரும்போல இல்லை, வரவும் இல்லை. வெளியே லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்தினார்களா என்று பார்க்க அவர் எழுந்து போகவில்லை.

"சரி, அவனைக் கூட்டிட்டுப் போ" என்றார். "நான் திருடன் எந்தப் பக்கம் வரான்னு பாத்துச் சொல்றேன்."

சொன்னார். பெரும்பாலும் தப்பாகச் சொன்னார். வியாபாரி இன்னும் இரண்டு முறை செத்த பிறகு பாலம் சேர்ந்தான். சேர்ந்தவன் நன்றி சொல்லி ஒரு காய்ந்த ரொட்டியைக் கொடுத்தான். "இவ்வளவுதானா?" என்றார் மாமனார். "இவ்வளவுதான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. அவர் போகத்தான் செய்தார். மகளிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. பெட்டியை லிஃப்டில் வைத்துவிட்டு அவள், "ரெண்டு மாசம் இருந்துட்டு வந்துடுங்க மாமா" என்றாள். அவர் "ம்" என்றார்.

அந்தக் கேமுக்கு அவள் ஐந்து மதிப்பெண் போட்டாள். விமர்சனத்தில் கால்வாசி வியாபாரியின் நடையைப் பற்றியே இருந்தது. ஆசிரியர் ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. வாசகர்களில் பாதிப் பேர் அவளோடு சேர்ந்து வியாபாரியைத் திட்டினார்கள். மீதிப் பேர், ஒரு கிழவனுக்காகவா இத்தனை மார்க்கைக் குறைப்பது என்று அவளைத் திட்டினார்கள். அதில் ஒன்றிரண்டு அவளுக்குச் சுருக்கென்று தைத்தன. தைத்த இடத்தை அவள் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துப் பார்த்தாள். மறுநாளே அதுவும் மரத்துப்போனது.

அழுகை அதற்குப் பிறகும் வரவில்லை. தெரிந்தவர்களும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். உருக்கமான கதைகளை 'பத்துக்குப் பத்து' பையனுக்கே கொடுத்துவிடும்படி ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறாள், அவனுக்கும் சந்தோஷம். தனக்குச் சின்னச் சின்ன கேம்கள் போதும் என்கிறாள். அவற்றையும் கடைசிப் பெட்டி வரைக்கும் திறந்து பார்க்கிறாள்.

மாமனார் சொன்னபடி இரண்டு மாதம் கழித்து வந்தார். அங்கே பேரப்பிள்ளைகள் டிவியை விடுவதில்லை, மருமகன் குறட்டை விடுகிறார், அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் ஒரு உதறு உதறுகிறது என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குறைகளை அடுக்கினார். அவள் கேட்டுக்கொண்டே டீக்குத் தண்ணீர் வைத்தாள். இப்போது இரண்டு மாதம் அங்கே, இரண்டு மாதம் இங்கே என்று இருக்கிறார். பெட்டியைப் பரணில் ஏற்றுவதில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறார்கள்.