இறுகிய ரென்சனரும் இவருடைய வலக்கையும்

என் கணவர் தவில்காரர். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அவருடைய வலக்கை விரல்களால்தான். அதனால் மற்றப் பெண்கள் தாலிக்கொடியைப் பார்த்துக்கொள்வதுபோல நான் அந்தக் கையைப் பார்த்துக்கொள்வேன். தேங்காய் உடைக்க விடமாட்டேன். அவர் கதவைச் சாத்தினாலே எனக்கு நெஞ்சு திக்கென்னும். அவருக்கு இது பெரிய பகிடி. வெளியே போகும்போது கையைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்பார்.

அன்று வெள்ளிக்கிழமை. கீரிமலைப் பக்கம் ஒரு கல்யாணம். பெண் எனக்குச் சொந்தம், மேளம் இவருடையது. தொண்டைமானாற்றில் எங்கள் வீட்டிலிருந்து காரில் போவதென்று ஏற்பாடு. காலையில் காரை இயக்கியதும் இன்ஜினுக்குள் ஒரு கிரீச்சல். காதைப் பொத்திக்கொண்டேன். இவர் உடனே நிறுத்திவிட்டுப் பொனற்றைத் திறந்தார்.

பெல்ற் தளர்ந்து வழுக்குகிறதாம். அதை எப்போதும் இழுத்துப் பிடிக்க, ஸ்பிரிங் வைத்த ஓர் இரும்புத் தண்டும் அதன் நுனியில் ஒரு சில்லும் உண்டு. ரென்சனர் என்பார்கள். அது துருப்பிடித்து அசையாமல் இறுகிவிட்டது. துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? எங்கள் ஊர்ச் சந்நிதி முருகனிடம் பூசைக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் காரின் வெளிப்பக்கத்தோடு நிற்காமல் இன்ஜினையும் எங்கள் உவர்க் கிணற்றுத் தண்ணீரால் குளிப்பாட்டுவார். சாமிக்கு முன்னால் அழுக்கோடு வாகனம் நிற்கக் கூடாதாம். எங்கள் தெருவில் எல்லா வாகனத்துக்கும் அந்த முழுக்கு உண்டு. முருகன் என்ன நினைத்தாரோ தெரியாது, உப்பு மட்டும் நன்றாக உள்ளே போய் இருந்துகொண்டது.

கராஜ்காரர் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்வந்துதான் திறப்பார். ஓட்டோக்காரரைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வருவதாகச் சொன்னார். அதுவரை சும்மா இருக்க இவருக்கு முடியுமா? துருவை இளக்கும் ஒயிலை ரென்சனரில் அடித்தார். ஊறட்டும் என்று கொஞ்சம் பொறுத்தார். சுத்தியலால் மெல்லத் தட்டினார். நீட்டு ஸ்பானரை மாட்டி இழுத்தார். தண்டு அசையவில்லை. ஸ்பானரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி இன்னும் நீளமாக்கினார்.

பிறகு செய்ததுதான் என்னை இன்றைக்கும் நடுங்கவைக்கிறது. கல்யாணத்துக்கு எடுத்துவைத்த பெட்டியைத் திறந்து விரற்கூடுகளை எடுத்து வலக்கை விரல்களில் மாட்டினார். துணியைச் சுற்றி, பசை தடவி, கல்லுப்போலக் காயவைத்த கூடுகள். தவில் வாசிக்கிறவர்கள் மாட்டுவது. அதை மாட்டிக்கொண்டு இன்ஜினுக்குள் கையை விட்டார். இடக்கையால் குழாயை இழுப்பாராம், தண்டு அசைகிறதா என்று வலக்கையால் பார்ப்பாராம். தவில்காரனைத் தவிர வேறு ஒருவனுக்கும் இந்த யோசனை வராது.

ரோச் லைற் என் கையில் இருந்தது. அந்த வெளிச்சத்தில் தண்டு தெரிந்தது, பக்கத்தில் இன்ஜினின் இரும்பு தெரிந்தது, நடுவில் அவருடைய விரல்கள் தெரிந்தன.

"இஞ்சேருங்கோ, கையை வெளியிலை எடுங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு."

"கூடு கிடக்குத்தானே. தவிலின்ரை அடிக்கே தாங்கிறது, உதுக்குத் தாங்காதே? லைற்றை நேராப் பிடியும்."

அந்தக் கூட்டுக்குள் விரல் ஒன்றையும் உணராது என்பது அவருக்கும் தெரியும். தண்டு கொஞ்சம் அசைந்தாலும் தெரியப்போவதில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் குழாயில் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்துவிட்டார்.

டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவு நேரமும் செத்துக் கிடந்த தண்டு ஒரே வீச்சில் பாய்ந்தது. வெளிச்சத்தில் நான் கண்டது தண்டுக்கும் இரும்புக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த ஒரு விரல். அவர் கையை வெளியே இழுத்தார். ஐந்து விரலும் இருந்தன. உள்ளே நசுங்கிக் கிடந்தது வெறும் கூடு. நான் நிலத்தில் குந்திவிட்டேன். ரோச் எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.

"ஒண்டுமில்லை" என்றார். இரத்தமில்லை, மோதிர விரலின் நுனி மட்டும் வெளுத்திருந்தது. என்னை அதைத் தொடவிடவில்லை. குறட்டால் கூட்டை இழுத்து எடுத்தார். பெல்ற் இறுகியிருந்தது, இன்ஜின் சத்தமில்லாமல் ஓடியது. அதில் அவருக்கு என்ன பெருமை! ஓட்டோவை வரவேண்டாமென்று சொல்லிவிட்டோம். வழி நெடுக என் கண் அந்த விரலில்தான். திட்டத் தொடங்கினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவர் வலக்கையை ஸ்டியரிங்கில் சும்மா வைத்திருந்தார். பிடித்திருக்கவில்லை.

மண்டபத்தில் வேறு கூடு மாட்டிக்கொண்டு இருந்தார். தாலி கட்டும் நேரம் கெட்டிமேளம் முழங்கியது. எல்லோரும் எழுந்து அட்சதை தூவினார்கள். நான் தூவ மறந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருடமாக அந்த வாசிப்பைச் சமையலறையிலிருந்து கேட்டவள் நான். விரல்கள் அடிக்கும் வலப் பக்கத்தில், வலந்தலையில், ஒரு தாளச்சொல் விழாமல் போனது. திரும்பவும் அதே இடத்தில் விழவில்லை. மற்ற விரல்களை வைத்து ஓடி ஓடிச் சமாளித்தார். சபையில் ஒருவரும் கவனிக்கவில்லை.

மேளம் ஓய்ந்ததும் தண்ணீர் கொடுக்கிற சாட்டில் கிட்டப் போனேன். செம்பை இடக்கையால் வாங்கினார்.

"சத்தம் சரியா வருதே?" என்று கேட்டார். பகிடி பேசுகிற அந்த மனிதரின் முகத்தை அப்படி நான் முன்னொருபோதும் கண்டதில்லை.

"ஓம், வருது" என்றேன்.

"எனக்கு அந்த விரல் இருக்கிறதே தெரியேல்லை" என்றார்.

நாதஸ்வரக்காரர் அடுத்த பாட்டுக்குச் சீவாளியை வாயில் வைத்துவிட்டார். இவர் செம்பை என்னிடம் தந்துவிட்டு வலக்கையைத் தூக்கினார்.