அத்தானின் துப்பாக்கிக்கு இரண்டு சட்டம்

அக்காவைக் கட்டிய அத்தானிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. ஒற்றைக் குழல், தேக்குக் கட்டை. அவருடைய அப்பா காலத்தில் வாங்கியது. பர்மாவில் மாவ்பிக்கு வடக்கே, பஸ் போகும் சாலையைவிட்டு உள்ளே தள்ளி இருந்தது அவர்கள் ஊர். பள்ளத்தில் நெல் வயல், மேட்டில் கடலைக் கொல்லை. கடலை முற்றும் சமயத்தில் காட்டுப் பன்றிகள் மந்தையாக வந்து கொல்லையைக் கிளறிப் போட்டுவிடும். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் ஓடிவிடும். அதற்குத்தான் துப்பாக்கி. அத்தான் ஒரு பன்றியைக்கூடச் சுட்டு நான் பார்த்ததில்லை. சுட்டிருந்தாலும் அக்கா அதை வீட்டுக்குள் விட்டிருக்கமாட்டாள்.

லைசென்ஸை அவர் ஒழுங்காகப் புதுப்பித்து வந்தார். அந்த வேலையாக ரங்கூனுக்கு வரும்போதெல்லாம் கியாக்டடாவில் என் அறையில் தங்குவார். நான் அங்கே ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். காலையில் இருவரும் கீழே இறங்கி மொஹிங்காச் சேமியா சாப்பிடுவோம். மீன் குழம்பை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "உங்க ரங்கூன்ல இது ஒண்ணுதான் உருப்படி, தம்பி" என்பார். சிரிக்கத் தெரிந்த மனிதர்.

எண்பத்தெட்டில், மாணவர்கள் அரசை எதிர்த்துக் கிளம்பியபோது நடந்ததை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும். அந்த மழைக்காலத்தில் ஆபீஸ்கள் மூடிக் கிடந்தன. சிறைக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள், திருடர்கள் ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்கள் என்று பேச்சு. அக்கா ஊரில் ஆண்கள் முறை வைத்துப் பாலத்தருகே காவல் இருந்தார்கள். கையில் கம்பு, அரிவாள், அதோடு அத்தானின் துப்பாக்கியும் வேறு சிலருடையதும். பிறகு ராணுவம் ஆட்சியைக் கையில் எடுத்தது. வீட்டில் வைத்திருக்கும் துப்பாக்கிகளை எல்லாம் கெடுவுக்குள் ஒப்படைக்க வேண்டும், பழைய லைசென்ஸ் எதுவும் இனிச் செல்லாது என்று உத்தரவு வந்தது.

கேட்டதும் நான் மாவ்பிக்குப் போனேன். "கொடுத்துடுங்க அத்தான். பன்னிக்குத் தகர டின்னைத் தட்டிக்கலாம்" என்றேன். அவரும் சரி என்றுதான் சொன்னார். மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதாக இருந்தோம். அன்று மாலையே ஊர்க்குழுத் தலைவர் எல்லோரையும் மடத்துச் சத்திரத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்.

தலைவர் பர்மியர். ஆனால் அத்தானை "அண்ணே" என்று தமிழில்தான் கூப்பிடுவார். வாயில் எப்போதும் குன்யா என்கிற வெற்றிலைச் சுருள் இருக்கும். ஆட்சி எது மாறினாலும் அந்த ஊரில் அவர்தான் தலைவர். எப்படி என்று யாரும் கேட்டதில்லை. அன்று அவர் பர்மிய மொழியில் பேசியதை என்னால் இப்போதும் அப்படியே சொல்ல முடியும்.

"ரங்கூன்ல மெத்தையில தூங்கறவனுக்கு நம்ம ஊர்ப் பன்னி தெரியுமா, திருடன் தெரியுமா? துப்பாக்கியக் குடுத்துட்டு நம்ம பொண்டு பிள்ளைங்களை யாரு காப்பாத்தறது? மேல என்ன உத்தரவு வேணா போடட்டும். இந்த வட்டாரத்துல துப்பாக்கிக்குச் சட்டம் போடறது இந்த ஊர்க்குழு. எல்லாரும் எங்கிட்ட கொண்டாங்க. ஊர் அடையாளம் வைக்கறேன். அடையாளம் வெச்ச துப்பாக்கி ஊரோட துப்பாக்கி. வெளியாள் எவனும் தொட முடியாது."

கைதட்டல் சத்திரத்தின் தகரக் கூரையை அதிரவைத்தது. வக்கீல் ஆபீஸில் குப்பை கொட்டுகிறவன் என்பதால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து, பர்மிய வழக்கப்படி ஐயா என்று அழைத்துக் கேட்டேன்: "ஸயா, மேலிடத்து உத்தரவு ஒண்ணு இருக்கறப்போ ஊர்க்குழு அதுக்கு எதிரா இன்னொண்ணு போட்டா செல்லுமா?"

அவர் கோபப்படவில்லை. மோவாயில் வழிந்த சிவப்பைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டு, "வக்கீல் ஆபீஸ் தம்பி பயப்படுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார்.

மறுநாள் கொல்லன் பட்டறையில் வைத்து அடையாளம் போட்டார்கள். மாட்டுக்குச் சூடு போடும் இரும்பு. பழுக்கக் காய்ச்சித் தேக்குக் கட்டையில் வைத்ததும் பழைய மெருகு பொசுங்கிப் புகைந்தது. தலைவரே கையில் இரும்பைப் பிடித்துக்கொண்டார். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அப்பா எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்த கட்டை அது.

திருடர்கள் வரவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்தே ஊர்க் காவல் என்ற பெயரில் தலைவரின் மருமகன்கள் சாலையில் நிற்க ஆரம்பித்தார்கள். ஊர்த் துப்பாக்கி என்பதால் முறை வைத்து எல்லோரிடமிருந்தும் வாங்கிக்கொண்டு போவார்கள். சந்தைக்குப் போகும் மாட்டு வண்டிகளை நிறுத்துவார்கள். ஒரு வண்டியில் ஒரு கோழி, இன்னொன்றில் ஒரு கூடை கத்தரிக்காய், வேறொன்றில் நெல். பக்கத்து ஊர்க் கிழவி ஒருத்தி வாத்து முட்டைக் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றிருக்கிறாள். ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் கூடையை இடித்திருக்கிறான். அந்த வழியாக வந்த அக்கா அதைப் பார்த்தாள். முட்டை உடைந்து வழிந்த கட்டையில் எங்கள் வீட்டுத் துப்பாக்கியின் பித்தளைப் பூண் இருந்ததையும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து அத்தானிடம், "போய் வாங்கிட்டு வாங்க. அது இனிமே இந்த வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது" என்றாள். அத்தான் போனார். தலைவர் மறுபேச்சு இல்லாமல் கொடுத்துவிட்டார். "அண்ணன் வீட்டுல இருந்தா என்ன, எங்கிட்ட இருந்தா என்ன?" என்றாராம். திரும்பி வந்த துப்பாக்கியின் கட்டையில் முட்டை காய்ந்து ஒட்டியிருந்தது. அக்கா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

உடனே போலீஸில் ஒப்படைத்திருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். எப்படி ஒப்படைப்பது? கெடு முடிந்துவிட்டது. அடையாளம் வேறு சுட்டாகிவிட்டது. கொண்டு போனால் ரங்கூன் சட்டப்படி குற்றம். கொண்டு போனது தெரிந்தால் ஊர்ச் சட்டப்படி துரோகம். அத்தான் அதைக் கொசுவலைக் கம்புக்குப் பின்னால் மாட்டி வைத்தார்.

அடுத்த கடலை அறுவடைக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். முற்றத்தில் உட்கார்ந்து கொடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தோம். ஒரு லாரி வந்து நின்றது. ரங்கூனிலிருந்து வந்த ஆட்கள். அவர்களுடைய அதிகாரி இளவயதுக்காரர். சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. முன்சீட்டில் அவர் பக்கத்திலிருந்து இறங்கியது எங்கள் தலைவர்.

"இந்த வீட்டுல ஒண்ணு இருக்கு ஸயா" என்று சொல்லிக்கொண்டே, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர்தான் முதலில் உள்ளே போனார். தேடவே இல்லை. நேராகக் கொசுவலைக்குப் பின்னால் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். எத்தனையோ தடவை அந்த வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தவர். எது எங்கே இருக்கும் என்று தெரியாதா?

அதிகாரி கட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன அடையாளம்?"

"தெரியல ஸயா" என்றார் தலைவர். "இந்தக் கலாங்க தங்களுக்குள்ள ஏதாவது வெச்சுக்குவாங்க."

கலா என்பது எங்களை இழிவாகச் சொல்லும் பேச்சு. தெருவில் போகிற எவனோ சொன்னால் காதில் வாங்காமல் போய்விடுவோம். நேற்றுவரை அண்ணே என்ற வாயிலிருந்து அது வந்தபோது அத்தான் கையில் இருந்த கடலைக் கொடியை மெதுவாகக் கீழே வைத்தார்.

பேசியது அக்காதான். எழுந்து போய்த் தலைவரின் முகத்துக்கு நேராக நின்று பர்மிய மொழியில் கத்தினாள். "நீங்க சுட்ட சூடுதானே அது? பட்டறையில உங்க கையால வெச்சதுதானே? ரங்கூன் சட்டம் இங்க செல்லாதுன்னு சத்திரத்துல நின்னு பேசினது யாரு?" அதிகாரி பக்கம் திரும்பினாள். "ஊரையே கேளுங்க ஸயா!"

வேலிக்கு வெளியே ஊர் நின்றுகொண்டிருந்தது. சத்திரத்தில் கைதட்டியவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

தலைவர் அக்காவைப் பார்த்துக்கொண்டே துப்பினார். குன்யா எச்சில் அவள் காலடியில் விழுந்து, இடுப்பில் கட்டியிருந்த லோஞ்சியின் ஓரமெல்லாம் சிவப்பாகத் தெறித்தது. அதிகாரி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க உள்ள போங்க" என்று மிக மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்கு அதைவிடக் குமட்டியது. அத்தானை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

என் முதலாளி வக்கீல் நல்ல மனிதர். கைக்காசு செலவழித்து விசாரணைக்கு வந்தார். அத்தான் ஊர்க்குழு உத்தரவை நம்பித்தான் துப்பாக்கியை வைத்திருந்தார் என்று அவர் சொன்னதும் விசாரித்தவர் சலிப்போடு கேட்டார்: "துப்பாக்கி விஷயத்துல ஊர்க்குழுவுக்கு ஏது அதிகாரம்? அந்த அடையாளமே குற்றத்துக்குச் சாட்சி."

"அப்படியானால் அடையாளம் வைத்தவரையும் விசாரிக்க வேண்டுமே?"

"அது வேற விஷயம்."

அவ்வளவுதான். அத்தானுக்குச் சிறை. வெளியே வந்து முதலாளி குடையை விரிக்கக்கூட மறந்து மழையில் நின்றார். "மேல இருக்கறவனும் கீழ இருக்கறவனும் நெஜமா சண்டை போட்டா நான் நடுவுல புகுந்து வாதாடலாம். ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடறாங்க. நான் என்னத்தப்பா பேசறது?" என்றார்.

ஒரே தட்டு என்று அவர் சொன்னதை அடுத்த மாதமே கண்ணால் பார்த்தேன். அக்காவுக்கு அரிசி எடுத்துக்கொண்டு போனபோது சாலையில் அதே மருமகன்கள், தோளில் அதே சூடு வைத்த துப்பாக்கிகள். ஊரில் எல்லா வீட்டிலும் பிடித்தார்கள். தலைவர் வீட்டில் இருந்தவற்றை மட்டும் பிடிக்கவில்லை. வண்டிகளில் வாங்குவதில் ஒரு பங்கு இப்போது ரங்கூனிலிருந்து வந்த லாரிக்கும் போகிறது என்று டீக்கடையில் சொன்னார்கள். என் பையையும் ஒருவன் திறந்து பார்த்தான். அரிசிக்குள் அழுக்கு விரல்களை விட்டு அளைந்தான். அன்று அக்கா வீட்டில் அந்த அரிசிச் சோற்றை என்னால் சாப்பிட முடியவில்லை.

எனக்குத் துப்பாக்கி பிடிக்காது. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ரங்கூன் உத்தரவை எல்லோருக்கும் ஒன்றாக நடத்தியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். ஊர் உண்மையிலேயே தன் பயிருக்காக எதிர்த்து நின்றிருந்தால் அதையும் மதித்திருப்பேன். இரண்டும் நடக்கவில்லை. சட்டம் என்ற சொல்லை இரண்டு பக்கமும் மென்று துப்பினார்கள்.

அத்தான் திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை. என்ன நடந்தது என்று சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. கடலைக் கொல்லையைப் பன்றிகள் தின்று தீர்த்திருந்தன. அக்கா மாடுகளை விற்றிருந்தாள். நெல் வயலை மட்டும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். தலைவர் பதவி உயர்ந்து வேறு ஊருக்குப் போய்விட்டார் என்பது மட்டும் ஓர் ஆறுதல்.

இரண்டாயிரத்துப் பத்தில் தேர்தல் வந்தது. புதிய அரசியல் சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் பிராந்தியத்துக்கும் தனியாக ஒரு சட்டசபை என்றார்கள். எங்கள் பிராந்தியச் சபைக்கு நின்றவர்களில் ஒருவர் பழைய தலைவர்.

அவர் ஓட்டுக் கேட்டு வந்த அன்றும் நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். தலைக்குச் சாயம், வெள்ளைச் சட்டை. பல் எல்லாம் புதிது. கூடக் கொடி பிடித்துக்கொண்டு சிலர். "அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்று அத்தானின் தோளில் கையைப் போட்டார். அத்தான் கேட்கும் காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுப்படியில் அக்கா மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கைச் சத்தம் வேகமானது.

"இனி நம்ம பகுதிக்கு நாமளே சட்டம் போடப்போறோம்" என்றார். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, "நான் இதை இன்னைக்கா பேசறேன்? அந்தக் காலத்துலயே துப்பாக்கி விஷயத்துல ரங்கூனை எதிர்த்து நின்னவன். சந்தேகமா இருந்தா அண்ணனையே கேளுங்க" என்றார்.

எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"ஆமா, நின்னார்" என்றார் அத்தான். சிரிக்கவும் சிரித்தார்.

நான் எழுந்தேன். கொல்லைப் பக்கம் போய்க் குழாயடியில் வாயைக் கொப்பளித்தேன். கொப்பளிக்கக் கொப்பளிக்க எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. அவர்கள் போன பிறகு திரும்பி வந்து அத்தானிடம் கத்தினேன். "அவன் பண்ணதுக்கு நீங்க சாட்சி சொல்றீங்களா? எப்படி அத்தான் வாய் வந்துச்சு?"

அவர் அவசரப்படாமல் பதில் சொன்னார். "தம்பி, நீ சாயங்காலம் பஸ் ஏறிடுவ. நாளைக்கு வயல் பட்டாவுக்கு நான் அவன் ஆபீஸ் வாசல்லதான் நிக்கணும். ஒரு சிரிப்புல அவன் போயிடறான்னா போகட்டுமே. உள்ள இருந்தப்போ இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொல்லித்தான் உசிரோட வந்தேன்."

சிறையைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான். கோபம் போகவில்லை, யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை. அக்கா மட்டும் அடுப்படியிலிருந்து, "நான் அவனுக்குப் போடமாட்டேன். எனக்கு எந்தப் பட்டாவும் வேணாம்" என்றாள்.

பழைய தலைவர் ஜெயித்தார். அந்த ஊரில் யாரும் அதற்கு ஆச்சரியப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.